அந்தோனியாரின் நாலுசில்லு

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு யூன் மாதத்தில், கனடாவில், ஸ்காபுறோவின் டோர்செட் பார்க்கில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் புனித அந்தோனியாருக்குச் சொந்தமான வாகனம் ஒன்று நின்றது. நாலு தடித்த சில்லு, மோட்டச்சைக்கிளுக்கு இருப்பதுபோல ஒரு கைபிடி, பின்பக்கம் எதையாவது கொழுவி இழுக்க ஒரு கொளுக்கி. வயலிலும் காட்டிலும் ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. நம்பர்த் தகடு கிடையாது. மாத முடிவுக்குள் அதை அப்புறப்படுத்தாவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று கட்டடத்து மேற்பார்வையாளர் எங்கள் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தார்.

அதை வாங்கியவர் என் கணவர் சீமோன். வாங்கியதற்குக் காரணம் எங்கள் ஆட்களின் முதுகு.

மன்னாரிலிருந்தும் தீவுப்பகுதியிலிருந்தும் வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒவ்வொரு யூனிலும் நகரத்துக்கு வடக்கே ஒரு பண்ணை நிலத்தில் அந்தோனியார் திருநாள் கொண்டாடுவோம். பூசை முடிந்ததும் சுரூபத்தைக் கூட்டில் வைத்து ஆண்கள் தோளில் சுமந்து வருவார்கள். ஊரில் அந்தக் கூட்டுக்குத் தோள்கொடுக்க அடிபிடி நடக்கும். இங்கே ஆள் பிடிப்பது கடினம். பாதிப் பேருக்குத் தொழிற்சாலையில் முதுகு போய்விட்டது. மீதிப் பேருக்குக் கார் விபத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர்கள் அந்தோனியாரைத் தூக்குவதை யாராவது படமெடுத்து இன்சூரன்ஸ்காரனுக்குக் காட்டிவிட்டால் வழக்கு முடிந்தது. முதல் வருடம் ஆள் போதாமல் கூடு ஒரு பக்கம் சரிந்து, அந்தோனியாரின் கையிலிருந்த குழந்தை இயேசுவுக்கு ஒரு விரல் போயிற்று. அன்றிலிருந்து சீமோன், தோள் இல்லாவிட்டால் இயந்திரம் இழுக்கட்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வாகனம் வாங்கிய அந்த மாரிகாலத்தில் வன்னியில் சண்டை முற்றியது. என் கடைசித் தம்பி நிசாந்தன் அங்கே இருந்தான். வள்ளத்து இயந்திரங்கள் திருத்துவது அவன் தொழில். அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டு, அடித்து, பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். தை மாதம் விசுவமடுவிலிருந்து கடைசியாகப் பேசினான். கடலைவிட்டுத் தூரப் போக விருப்பமில்லை, ஆனால் சனம் போகிற பக்கம்தான் தானும் போகவேண்டும் என்றான். சீமோனிடம், கனடாவில் குளிரில் இயந்திரம் எப்படி ஸ்ராட் வருகிறது என்று கேட்டான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

மாசியில் சீமோன் ஒரு பண்ணைக்காரனிடம் வார இறுதி வேலைக்குப் போனார். அவன் தன் பழைய நாலுசில்லை விற்கப் போகிறான் என்று அறிந்ததும் அங்கேயே நின்றபடி நேர்த்தி வைத்தார். நிசாந்தன் உயிரோடு வெளியில் வந்தால் இந்த வாகனம் அந்தோனியாருக்கு. தான் உள்ளவரை வருடாவருடம் கூட்டை இதுதான் இழுக்கும். காணாமற்போனதைத் தேடித் தருகிற புனிதர் என்றுதான் அந்தோனியாரிடம் போனார்.

எங்கள் கரையில் நேர்த்திக்கென்று ஒரு முறை இருக்கிறது. ஆடு கொடுப்பதாக நேர்ந்தால், குட்டியிலேயே காதில் அடையாளம் வெட்டி விட்டுவிடுவார்கள். அது ஊரெல்லாம் மேயும். அன்றிலிருந்து அது புனிதருடையது. வைத்தவனும் அதை விற்க முடியாது. சீமோன் நாலுசில்லுக்கு எங்கே காது வெட்டுவது என்று யோசித்திருக்கிறார். பற்றுச்சீட்டு எழுதுவதற்காகப் பண்ணைக்காரன் பெயரைக் கேட்டபோது, 'செயின்ற் அன்ரனி' என்று சொன்னார். அவன் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தான். எங்கள் பெயர்களை எழுதிப் பழகியவனுக்கு அது சுலபமான பெயராக இருந்திருக்கும்.

பண்ணைக்காரன் அந்த வாகனத்தைத் தன் காணிக்குள் மட்டும் ஓட்டியவன். சொந்தக் காணிக்குள் ஓட்டுவதற்குத் தகடு தேவையில்லை என்பதால் அவன் அதைப் பதிந்ததே இல்லை. ஆகவே அந்தச் சீட்டு ஒன்றைத் தவிர, அந்த வாகனம் உலகத்தில் இருக்கிறது என்பதற்கு வேறு அத்தாட்சி இல்லை. அதில் அது அந்தோனியாருடையது.

மே மாதம் எல்லாம் முடிந்தது. முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். நாங்கள் ஒரு வாரம் ரேடியோவை நிறுத்தாமல் வைத்திருந்தோம், பிறகு ஒரு வாரம் போடாமல் வைத்திருந்தோம்.

யூன் தொடக்கத்தில் ஒரு காலை, வேலைக்கு உடுத்திக்கொண்டு நிற்கும்போது தொலைபேசி அடித்தது. கிளடிஸ் என்று ஒரு பெண். வவுனியாவில் முகாமுக்குள்ளிருந்து, யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியில், மெதுவாகப் பேசினாள். பேசாலையில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவர்களின் மகள். பங்கருக்குள் நிசாந்தனோடு இருந்தவளாம்.

"அக்கா, நான் கண்டனான்," என்றாள். "நாங்கள்தான் மண் போட்டனாங்கள்."

திகதி கேட்டேன். பூசைக்குத் திகதி வேண்டும். மே பதினாலு என்றாள்.  சாப்பிட்டாயா என்று கேட்டேன். ஓம் என்றாள்.

சீமோனிடம் சொன்னேன். அவர் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துவிட்டு, அந்தப் பெண் ஒருத்தி சொல்வதை வைத்து ஒன்றும் முடிவு செய்யக்கூடாது என்றார். அந்த வாரம் வோபர்னில் ஒரு குடும்பத்துக்கு, செத்துவிட்டார் என்று ஏற்கெனவே பூசை ஒப்புக்கொடுக்கப்பட்ட ஒரு மனிதர் தொலைபேசி எடுத்துக் காசு அனுப்பச் சொல்லியிருந்தார். அது உண்மை. அந்தக் கதையை அந்த மாதம் ஸ்காபுறோவில் தெரியாத ஆளில்லை. அந்த மனிதர் எத்தனை வீடுகளில் எத்தனை பேரைச் சாகவிடாமல் வைத்திருந்தார் என்பது அவருக்கே தெரிந்திராது.

எங்கள் கோயிலில் அப்போது இரண்டு பட்டியல் வாசித்தார்கள். ஒன்று இறந்தவர்கள், மற்றது காணாமற்போனவர்கள். நிசாந்தனின் பெயரைச் சீமோன் இரண்டாவதில் கொடுத்து வைத்திருந்தார். அதை மாற்றவேண்டும், அவனுடைய ஆன்மாவுக்கு ஒரு பூசை வைக்கவேண்டும் என்று நான் கேட்டேன். மற்றப்படி எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. சீமோன் கொஞ்சம் பொறு என்றார். செத்தவருக்குப் பூசை வைக்கும் முப்பத்தோராம் நாள் திருநாளன்றே வந்தது. நடந்தவற்றின் துக்கத்தில் அந்த வருடம் கூடு எடுக்கவில்லை, பூசை மட்டும். புல்லில் முழந்தாளில் நின்று, என் தம்பியின் பெயர் காணாமற்போனவர்களோடு வாசிக்கப்படுவதைக் கேட்டேன். சனத்தோடு சேர்ந்து, அவனைத் திரும்பக் கொண்டுவாரும் என்று நானும் பதில் சொன்னேன்.

திருநாள் முடிந்த கிழமையில் அருள்நாயகம் வந்தார். தீவுக்காரர், நகரத்துக்கு வெளியே காணி வாங்கி மிளகாயும் கத்தரியும் நடுகிறவர். அந்தக் காணியை ஒரு றோட்டு இரண்டாகப் பிரித்தது. அந்த றோட்டைக் குறுக்கே கடப்பதற்கே நாலுசில்லுக்குத் தகடு வேண்டும். அந்தோனியாரின் வாகனம் சும்மாதானே நிற்கிறது, தனக்குத் தந்தால் காசை அந்தோனியாரின் உண்டியலில் போட்டுவிடலாம் என்றார். கதவில் ஒட்டிய கடதாசியை நினைத்து நாங்களும் சரி என்றோம். அவர் பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு லைசென்ஸ் கந்தோருக்குப் போனார். பின்னேரமே திரும்பி வந்தார்.

"அண்ணை, உவர் அன்ரனியைக் கூட்டிக்கொண்டு வரட்டாம். வர ஏலாதெண்டால் அவர் கையெழுத்து வைச்ச கடதாசியும் அவற்ற லைசென்ஸ் கொப்பியும் வேணுமாம்."

"நீ என்ன சொன்னனி?" என்றார் சீமோன்.

"ஆள் இத்தாலியில, பாதுவாவில எண்டு சொன்னனான். அப்ப கடதாசியை ஃபாக்ஸில அனுப்பச் சொல்லுங்கோ எண்டிட்டாள்."

அருள்நாயகத்திடம் ஒரு யோசனை இருந்தது. சீமோனே ஒரு கையெழுத்தைக் கீறிவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். சீமோன் வாழ்க்கையில் இரண்டு கள்ளப் பாஸ்போட்டில் பயணம் செய்தவர். இருந்தும் எழும்பி நின்றுவிட்டார்.

"அந்தோனியாற்ற கையெழுத்தை நான் வைக்கவோ? உன்ர மண்டைக்குள்ள என்ன, மிளகாய்த் தூளே கிடக்கு?"

அருள்நாயகத்திடம் இரண்டாவது யோசனையும் இருந்தது. ஊரில் கோயிலுக்கு நேர்ந்த கோழியையும் தேங்காயையும் ஏலம் போடுவார்கள். அதுபோல இதையும் பூசை முடிய ஏலத்தில் விட்டால், தான் பக்தியோடு கேட்டு எடுத்துக்கொள்வார். அதற்கு முந்திய வருடம் ஒரு தேசிக்காயை இருநூறு டொலருக்கு எடுத்தவர் அவர். ஆனால் பதியும்போது, கொடுத்த விலைக்கு எட்டு வீதம் வரி கட்டவேண்டும் என்று நான் நினைவூட்டினேன். ஏலத்தில் ஏற்றிய விலைக்கும் வரிதான்; பக்திக்குக் கழிவு கிடையாது. அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, ஏலம் இந்த நாட்டுக்குச் சரிவராது என்றார்.

ஃபாதரிடம் போனோம். அவர் நேர்த்தியின் வாசகத்தை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு விளக்கினார். நிசாந்தன் வெளியில் வந்திருந்தால் நேர்த்தி பலித்தது, வாகனம் அந்தோனியாருடையது. அப்படியானால் கோயில் அதை முறைப்படி ஏற்று, கோயிலின் பெயரில் விற்கும், தானே கடிதம் தருவார். அவன் வராவிட்டால் நேர்த்தி கட்டுப்படுத்தாது. அந்தோனியாருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. வாகனம் வாங்கியவருடையது, அவரே விற்கலாம்.

"அப்ப எது ஃபாதர்?" என்று சீமோன் கேட்டார்.

"அதை நீங்கள்தான் எனக்குச் சொல்லவேணும்," என்றார் ஃபாதர்.

 வீட்டுக்கு வரும் வழியில், மார்க்கம் றோட்டுச் சந்தியில் பச்சை விழுந்த பிறகும் சீமோன் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். ஒரு வாகனம் விற்பதற்கு, என் தம்பி செத்துவிட்டான் என்று எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். விற்காமல் விட்டால் மாத முடிவில் இழுத்துக்கொண்டு போய் விடுவார்கள். அந்தோனியாரின் வாகனத்தை இழுத்துக்கொண்டு போகவிட சீமோனுக்கு மனமில்லை. எனக்கு வாகனத்தைப் பற்றிக் கவலையில்லை. இழுத்துக்கொண்டு போனால் கேள்வியும் அதோடு போய்விடும், பட்டியல் அப்படியே இருக்கும் என்பதுதான் என் பயம்.

வோபர்னில் ஒரு பிளாசாவில் றோசலின் என்பவர் கந்தோர் வைத்திருந்தார். விமானச் சீட்டு, காசு அனுப்புதல், மொழிபெயர்ப்பு, வருமான வரி, பாஸ்போட் படம், சத்தியக் கடதாசி எல்லாம் அங்கே ஒரே மேசையில் நடக்கும். சத்தியம் வாங்குவதற்கு அவருக்கு அதிகாரம் இருந்தது. மாதம் முடிய மூன்று நாலு நாள் இருக்கையில் நாங்கள் இருவரும் அங்கே போய் இருந்தோம். சீமோன் பற்றுச்சீட்டை மேசையில் வைத்தார். றோசலின் கண்ணாடியை ஏற்றி அதைப் பார்த்தார்.

"நான் செத்தவையின்ர சாமான் வித்துக் குடுத்திருக்கிறன். டிவோஸ் ஆனவையின்ர சாமானும் வித்துக் குடுத்திருக்கிறன். எண்ணூறு வரியமாய் மோட்சத்தில இருக்கிற ஆளின்ர சாமான் இதுதான் முதல்," என்றார்.

சீமோன் வழியில் வேறொன்று யோசித்து வைத்திருந்தார். அந்தோனியார் வாகனத்தைத் தனக்கு இனாமாகத் திருப்பித் தந்ததாக எழுதலாம். அப்போது நிசாந்தனைப் பற்றி ஒன்றும் சொல்லத் தேவையில்லை. றோசலின் பொறுமையாகக் கேட்டார். இனாம் என்றால் வரி இல்லாமல் மாற்றலாம்தான், ஆனால் கணவன் மனைவி, பெற்றார் பிள்ளை மாதிரி நெருங்கிய குடும்பத்துக்குள் மட்டும் என்றார்.

"அந்தோனியார் உங்களுக்கு என்ன முறை, அண்ணை?"

சீமோன் அதை உண்மையாகவே யோசித்தார். "பாதுகாவலர்," என்றார்.

"அந்தப் பெட்டி இந்தப் படிவத்தில இல்லை."

பிறகு றோசலின் எங்களை விட்டுவிட்டுத் தானே கணினியில் அடிக்கத் தொடங்கினார். அடித்ததை ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னார். பற்றுச்சீட்டில் உள்ள பெயர் சமய நேர்த்தி ஒன்றின் காரணமாக என் கணவரால் சொல்லப்பட்டது. அந்தப் பெயரில் உயிரோடு உள்ள எவருக்கும் இவ்வாகனத்தில் உரிமை இல்லை. காசு கொடுத்தவர் என் கணவர். நேர்த்தியின் நிபந்தனை நிறைவேறவில்லை. ஆகையால் வாகனம் எமக்கு உரித்தானது.

அடிக்கும் சத்தம் நின்றது.

"எண்டையிலிருந்து?" என்றார். "திகதி இல்லாமல் கந்தோரில எடுக்கமாட்டினம்."

சீமோன் சுவரில் இருந்த விமானத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிய திகதியைப் போடுங்கோ என்று மெதுவாகச் சொன்னார். வாங்கிய அன்று அது நேர்த்திக்குப் போனதென்று மேலே எழுதியாயிற்று, இரண்டும் ஒத்துவராது என்றார் றோசலின். அந்தோனியாரிடமிருந்து எந்த நாளில் திரும்பி வந்தது என்பதுதான் கேள்வி.

"மே பதினாலு," என்றேன்.

றோசலின் என்னைப் பார்த்தார். அந்த மாதத்துத் திகதி ஒன்றை எங்கள் சனத்தில் யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவர் எதுவும் கேட்காமல் அடித்தார். அச்சுப் பொறியிலிருந்து கடதாசி வந்தது. சூடாக இருந்தது. நான் கையெழுத்து வைத்தேன். சீமோனின் பக்கம் தள்ளினேன்.

அவர் பேனையை எடுத்தார். கையெழுத்து வைக்கவில்லை.

"தங்கச்சி," என்றார், "இது சத்தியக் கடதாசிதானே. அவன் வந்திட்டான் எண்டால்?"

றோசலின் கண்ணாடியைக் கழற்றினார். "வந்தால் இன்னொரு கடதாசி அடிப்பம், அண்ணை. முதல் சொன்னது பிழை எண்டு. அப்பிடிச் செய்யலாம், சட்டத்தில இடமிருக்கு."

"பிரச்சினை வராதோ?"

"அவர் வந்து நிண்டால் அதுக்குப் பிறகு என்ன பிரச்சினை?"

சீமோன் அந்தப் பதிலை நன்றாக எடைபோட்டார். எத்தனை நாளுக்குள் என்று கேட்டார். காலக்கெடு இல்லை என்றார் றோசலின். தான் இறந்துவிட்டால் யார் மாற்றுவது என்று கேட்டார். அக்கா மாற்றலாம் என்றார். அதற்குப் பிறகு கையெழுத்து வைத்தார். இங்கிலிசில் வைப்பவர், அன்று தமிழில், முழுப் பெயரும் வைத்தார்.

மறுநாள் மூவரும் லைசென்ஸ் கந்தோருக்குப் போனோம். அருள்நாயகம் வெள்ளைச் சேட் போட்டு வந்திருந்தார். வரிசையில் நிற்கும்போது, வரிக்காக விலையைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் என்ன என்று என் காதில் கேட்டார். இவ்வளவு சத்தியத்துக்குப் பிறகு அதில் மட்டும் ஏன் பொய் என்றேன். ஓம் என்று ஒப்புக்கொண்டார், ஆனால் முகம் தெளியவில்லை.

கந்தோர்ப் பெண் நேர்த்தியைப் பற்றியோ அந்தோனியாரைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. வாகனத்தின் அடியிலுள்ள இலக்கத்தையும் கையெழுத்துகளையும் சரிபார்த்தாள். விலையைக் கேட்டு எட்டு வீதம் கணக்கிட்டாள். பிறகு திகதியில் விரல் வைத்து நிறுத்தினாள்.

மே பதினாலில்தான் கையில் வந்திருக்கிறது, அதற்குள் விற்கிறீர்களே, பிடிக்கவில்லையா என்று சிரித்தபடி கேட்டாள். பொழுதுபோக்குக்காகக் கேட்டாள்; கெட்ட பெண் இல்லை.

தேவைப்படவில்லை என்றேன்.

அவள் தலையாட்டி முத்திரை குத்தினாள். அருள்நாயகம் பச்சை நிறத் தகட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நாலுசில்லை ஏற்றுவதற்கு மருமகனோடு பின்னேரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றே வந்து ஏற்றினார்.

கந்தோரிலிருந்து வீட்டுக்குப் போகும் திருப்பத்தில் சீமோன் திருப்பவில்லை. நேரே ஓட்டினார். மோர்னிங்சைட்டில் கோயில் தரிப்பிடத்தில் காரை நிறுத்திவிட்டு, எஞ்சினை நிறுத்தாமல், ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தார். நான் இறங்கிக் கோயில் கந்தோருக்குள் போனேன். அங்கே இருந்த பெண்ணிடம் தம்பியின் பெயரைச் சொல்லி, இரண்டாவது பட்டியலில் இருந்து எடுத்து முதலாவதில் போடவேண்டும் என்றேன். அவள் ஒரு கோடு போட்டாள், பக்கத்தைப் புரட்டி எழுதினாள். மரணத் திகதி கேட்டாள். முதல்நாள் சொல்லியிருந்ததால் சொல்ல முடிந்தது. முப்பத்தோராம் நாள் கடந்துவிட்டதே என்றாள். ஓம், கடந்துவிட்டது, பரவாயில்லை என்றேன். வாற சனிக்கிழமை காலைப் பூசை வெறுமையாக இருந்தது. அதை எடுத்தேன்.

வெளியே வந்து காருக்குள் ஏறினேன். சீமோன் எப்போது என்று கேட்டார். சொன்னேன்.

"சனிக்கிழமை எனக்கு வேலையெல்லே," என்றார்.

நான் பெல்ற்றைக் கொழுவினேன். அவர் காரைப் பின்னுக்கு எடுத்தார், கண்ணாடியில் பார்த்துக்கொண்டே.

"மாத்திறன்," என்றார்.